சங்கு

மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, இலங்கைக் கரை, குஜராத்தின் கட்ச் வளைகுடா ஆகிய பகுதிகளில் மணற்பாங்கான கடலடியில் வாழும் நத்தை. அதன் ஓட்டுக்கும் அதே பெயர். 1767-இல் இயற்கையியலாளர் லின்னேயசு இதற்குப் பேரிக்காயைக் குறிக்கும் பெயரிட்டார். இன்றைய அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். புழுக்களே இதன் இரை. உயிருள்ள சங்கு வெள்ளையாக இராது. பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டிய பிறகே வெண்மை தெரியும்.

கோயிலிலும் சாவு வீட்டிலும் ஊதும் கருவியாகவே சங்கை இன்று அறிவோம். ஆனால் அதன் வரலாற்றில் பெரும்பகுதி வளையலுக்கே உரியது. பலுசிஸ்தானத்து மெகர்கரில், கடலுக்கு வெகுதொலைவில், சுமார் 8,000 ஆண்டுப் பழமையான புதைகுழிகளில் சங்கு வளையல்கள் கிடைத்தன. சிந்துவெளிக் காலத்தில் கட்ச் வளைகுடாவை ஒட்டிய நாகேசுவரில் சங்கறுப்பதே முதன்மைத் தொழில். பழந்தமிழிலோ 'வளை' என்ற ஒரே சொல் சங்கையும் வளையலையும் குறித்தது. வேள்வி செய்யாத பார்ப்பான் வாளரத்தால் சங்கறுப்பதை அகநானூற்று 24-ஆம் பாடல் காட்டுகிறது. மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், பழைய துறைமுகமான கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகளையே கண்டெடுத்தார். 1914-இல் வெளிவந்த அவருடைய நூல் சங்கு ஆய்வில் இன்றும் அடிப்படை நூல். பாட்டில் சொன்ன தொழிலுக்கு மண்ணே சாட்சி சொன்ன அரிய இடம் கொற்கை.

பின்னாளில் அறுக்கும் தொழில் வங்காளத்தில் நிலைகொண்டது. டாக்காவின் சங்கறுப்போரை 17-ஆம் நூற்றாண்டுப் பயணி தவேர்னியே குறிப்பிடுகிறார். வங்காள இந்துப் பெண்கள் மணமானதும் அணியும் வெள்ளை வளையலுக்காகத் தென்கடல் சங்கு மூட்டை மூட்டையாக வடக்கே போயிற்று. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரரும், பின்வந்த ஆங்கிலேயரும் சங்கு குளிப்பைத் தம் வருவாய்க்கென இறுக்கிப் பிடித்தனர். மூச்சடக்கி மூழ்கியவர்களோ பரதவரும் கடற்கரை முஸ்லிம்களும்; அவர்களின்றி இந்த வணிகமே இல்லை.

நுனி மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் வலப்புறம் இருக்கும். தமிழர் இதை இடம்புரி என்பர். விலங்கியலார் வலச்சுருள் என்பர். வாய் இடப்புறம் அமைந்த வலம்புரி மிக மிக அரிது. திருவிதாங்கூர் அரசின் சின்னமாக இருந்தது அதுவே. இந்த அருமையால்தான் ஏமாற்றும் நடக்கிறது: அமெரிக்கக் கடல்களில் இயல்பாகவே இடப்புறம் வாய் திறக்கும் வேறொரு நத்தையின் ஓடு வலம்புரி என்று விற்கப்படுகிறது. வாங்குவோர் வாயின் உள்தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். உண்மைச் சங்கில் அங்கே மூன்று நான்கு மடிப்புகள் விரலில் தட்டுப்படும். அமெரிக்க ஓட்டில் அவை இல்லை.