சோறாக்கக் கத்துக்க காலேஜா?



மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்கன்னு கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த எங்க குழுக் கூட்டம்தான். என் மகளுக்கு பி.எஸ்சி. மனையியல் படிக்க இடம் கிடைச்சிருந்தது. சேர்க்கைக் கட்டணம், ரயில் பாஸ், புத்தகம், துணிமணி எல்லாத்துக்கும் சேர்த்து உள்கடன் கேட்டேன். அப்போ ஒரு அக்கா, "சோறாக்கக் கத்துக்க காலேஜா? நர்சிங்னா கூட சரி" என்றாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பதில் சொல்லத் தெரியலை, அதனால சிரிச்சேன். வீட்டுக்கு வந்தா என் மாமியாரும் அதையேதான் கேட்டாங்க.

கடன் கிடைச்சுது. ஆனா அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகலை. நான் பத்தாவது வரைதான் படிச்சவள். நூலகத்திலும், மகளோட பாடப் புத்தகத்திலும், அவளோட டீச்சர்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுகிட்டதை இங்கே எழுதுகிறேன். அந்த அக்காவுக்கு இது என் பதில்.

இந்தப் படிப்புக்கு வித்திட்டவங்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற அம்மா. 1842-ல் பிறந்தவர். எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் 1870-ல் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் அவர்தான். வேதியியல் படித்தார். 1880-களின் கடைசியில் தன் மாநிலம் முழுக்க ஆறு, ஏரி, குடிதண்ணீர் மாதிரிகளை ஆயிரக்கணக்கில் எடுத்துச் சோதனை செய்தார். எந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கு, எது குடிக்க ஆகாது என்று கணக்கு எடுத்துக் காட்டினார். 1894-ல் பாஸ்டன் நகரப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்தான மதிய உணவு கிடைக்க வழி செய்தார். 1909-ல் இந்தப் படிப்புக்காக ஒரு சங்கம் அமைந்தபோது அவர்தான் முதல் தலைவர்.

அவர் சொன்ன விஷயம் ரொம்ப எளிது. வீடு வாசற்படியோட முடிஞ்சு போறதில்லை. குழாயில் வர்ற தண்ணி, மூச்சு விடுற காத்து, சந்தையில் வாங்குற மீன், தெருவில் ஓடுற சாக்கடை எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. அதனாலதான் பின்னாளில் சில பல்கலைக்கழகங்கள் மனையியல் என்ற பேரையே "மனித சூழலியல்" என்று மாத்திக்கிட்டாங்க. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1969-ல் அப்படி மாத்தியது.

நம்ம நாட்டுக்கு வருவோம். டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-ல் தொடங்கியது. 1940-களில் சென்னையிலும் இந்தப் பட்டப்படிப்பு வந்தது. ஒன்றை மறைக்கக் கூடாது. ஆரம்பத்தில், பெண்கள் நல்ல குடும்பத் தலைவியாக வரட்டும் என்றுதான் பலர் இதைப் படிக்க வெச்சாங்க. ஆனா படிச்ச பெண்கள் அதோட நிக்கலை.

அதுக்குச் சாட்சி டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். 1919-ல் செங்கத்தில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். கோவையில் 1957-ல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தவர் அவர். அது 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனபோது அதுக்குத் துணைவேந்தராகவும் இருந்தார். குழந்தைகளோட ஊட்டச்சத்துக்காகவே வாழ்ந்த அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சோறாக்கக் கத்துக்கிட்ட ஒரு பெண் துணைவேந்தர் ஆனதைப் படிச்சபோது எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பிள்ளைகளுக்குச் சோறு போடுற சரித்திரமும் நம்ம சென்னையில்தான் ஆரம்பிச்சது. 1920-ல் மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. 1956-ல் காமராசர் அதை மாநிலத்துக்கே கொண்டு போனார். 1975-ல் மத்திய அரசு அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தார். 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தபோது, கரண்டி பிடிச்சது நம்ம மாதிரி குழுப் பெண்கள்தான். ஆனா ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் பருப்பு, எவ்வளவு காய் என்று கணக்குப் போட ஊட்டச்சத்து படிச்சவங்க வேணும். சமைக்கிற இடத்தில் நாம இருக்கோம். கணக்குப் போடுற இடத்தில் நம்ம பிள்ளைங்க இருக்கக் கூடாதா?

இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்னு கேப்பீங்க. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஆகலாம். சர்க்கரை நோயாளிக்கு என்ன, கிட்னி நோயாளிக்கு என்ன என்று உணவுப் பட்டியல் போடுறவங்க அவங்கதான். குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அதிகாரி வேலை இருக்கு. மழலையர் பள்ளி நடத்தலாம், உணவு கம்பெனியிலும் துணி கம்பெனியிலும் தரம் பார்க்கிற வேலைக்குப் போகலாம். மேலே படிச்சா கல்லூரியில் ஆசிரியராகலாம். ஒவ்வொரு வேலைக்கும் தகுதி வேற வேற. சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

என் மகள் தினமும் எண்ணூரில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிச்சுப் போறா. போன வருஷம் காலேஜில் ஒரு வேலை குடுத்தாங்க. பத்து வீட்டில் ஒரு வாரம் யார் என்ன சாப்பிட்டாங்கன்னு எழுதிட்டு வரணும். எங்க குப்பத்திலேயே எழுதினா. பத்து வீட்டிலும் மீன் வாங்கியிருக்காங்க. ஏழு வீட்டில் அம்மாவுக்குக் குழம்புதான் மிச்சம். சாப்பிட்ட கையோட டீ வேற. சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாம டீ தடுத்துடும், டீயைத் தள்ளி வெச்சு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கிட்டா நல்லதுன்னு அவ சொன்னா. தலை சுத்துது, மூச்சு வாங்குதுன்னு எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கோம். இது நமக்கு யாராவது சொன்னாங்களா?

அந்த நோட்டைக் கேட்டுக்கிட்டிருந்த மாமியார் ஒரு வார்த்தை சொன்னாங்க. "என் காலத்துல பறியை வாயில கடிச்சுக்கிட்டு ஆத்துல இறங்கினா, கையாலயே இறால் தடவி ரொப்பிடுவோம். அப்போ இந்த நோட்டுல வேற எழுதியிருப்ப." உண்மைதான். அனல்மின் நிலையச் சாம்பல் ஆத்தில் படிஞ்சுது. 2017 ஜனவரியில் கடலில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாச்சு. அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. வீட்டை எவ்வளவு கூட்டிப் பெருக்கினாலும் இதை விளக்குமாறால் தள்ள முடியாது. எலன் அம்மா தண்ணியைச் சோதனை பண்ணிக் கணக்கு காட்டின மாதிரி, நம்ம ஆத்துக்கும் நம்ம உடம்புக்கும் கணக்கு எழுத நம்ம வீட்டுப் பிள்ளை ஒருத்தி வேணும்.

கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கு, தவறாமல் கட்டி வர்றேன். போன மாசக் கூட்டத்தில் அந்த அக்கா பக்கத்தில் வந்து உக்காந்து, பேத்தி பிளஸ் டூ படிக்கிறா, இந்தப் படிப்புக்கு எப்போ மனு போடணும்னு கேட்டாங்க. இந்தத் தடவை நான் சிரிக்கலை. பேப்பரில் எழுதிக் கொடுத்தேன்.

நம்ம கூட்டமைப்பு தொழில் கடனுக்குக் கொடுக்கிற அதே முக்கியத்துவத்தைப் பெண் பிள்ளைகளோட படிப்புக் கடனுக்கும் கொடுக்கணும் என்று கேட்டு முடிக்கிறேன்.