நிகழ்பட ஆட்டங்களில் விந்தை உயிரிகளைச் சேர்க்கும் கதை மரபு

தோற்ற எதிரி வென்றவருக்குத் துணையாவது பழைய கதை மரபு. கந்தபுராணத்தில் சூரபதுமன் முருகனுக்கு மயில் ஊர்தியாகவும் சேவற்கொடியாகவும் ஆகிறான். ஜப்பானிய நிகழ்பட ஆட்டங்களிலும் இதையொத்த மரபு ஒன்று தனியே வளர்ந்தது.

1987இல் வெளியான 'மெகாமி டென்செய்' ஆட்டத்தில், ஆட்டக்காரர் பேய்களிடம் பேசி, பேரம் முடித்துத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். 1992இல் வந்த 'டிராகன் குவெஸ்ட் 5' ஆட்டத்தில், போரில் தோற்ற உயிரிகளுள் சில தாமாகவே உடன்வர விரும்பின.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான 'போக்கிமான்' சேகரிப்பையே கதையின் மையமாக்கியது. இதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சிகளைச் சேகரித்தவர். வீட்டைவிட்டுப் புறப்படும் சிறுவன், பேராசிரியர் தரும் முதல் உயிரி, கூடவே வளரும் போட்டியாளன், எட்டுப் பதக்கங்கள், ஒரு கொள்ளைக் கூட்டம், இறுதியில் வாகையர் பட்டம் என்பதே பின்வந்த பல ஆட்டங்களுக்கும் கதை வாய்பாடாயிற்று. காட்டு உயிரியைப் போரிட்டுத் தளர்த்தி, பந்துக்குள் அடைப்பது இதில் வழக்கம். முந்தைய ஆட்டங்களில் இருந்த பேச்சும் விருப்பமும் இங்கே இல்லை.

அப்படியானால் உயிரியின் சம்மதம் எங்கே? 2010இல் வந்த 'போக்கிமான் பிளாக்', 'போக்கிமான் ஒயிட்' ஆட்டங்கள் இக்கேள்வியைக் கதைக்குள்ளேயே எழுப்பின. 'என்' என்ற பெயருடைய இளைஞன், உயிரிகளை மனிதரிடமிருந்து விடுவிக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்புகிறான். அவனை வளர்த்த கெட்சிஸ் அதே கொள்கையைத் தன் அதிகார ஆசைக்குப் பயன்படுத்துகிறான். கெட்சிஸ் தோற்கிறான், ஆனால் கொள்கையைச் சொன்னவன் வஞ்சகன் என்பதால் கேள்வி பொய்யாகிவிடாது. ஆட்டம் முடிந்த பிறகும் உயிரிகள் பந்துகளில்தான் இருக்கின்றன.