கொதிகலனைச் சோதித்த சங்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரைச் சுற்றிலும் பஞ்சாலைகள் பெருகியிருந்தன. அவற்றை ஓட்டியது நீராவி. அந்நீராவியைத் தந்த கொதிகலன்களோ அடிக்கடி வெடித்தன. அருகில் நின்ற தொழிலாளர்கள் மாண்டனர். மரண விசாரணையில் பெரும்பாலும் 'தற்செயலான சாவு' என்றே முடிவு கூறப்படும். உடன் வேலை செய்பவரின் தவற்றால் தொழிலாளிக்குத் தீங்கு நேர்ந்தால் முதலாளி பொறுப்பல்லர் என்ற கொள்கையும் 1837-ஆம் ஆண்டு வழக்கொன்றின் மூலம் வேரூன்றியிருந்தது. பழியைக் கொதிகலன் பார்ப்பவர்மீது போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது.

வெடிப்பு விதியின் விளைவன்று, தடுக்கக்கூடியதே என்று வாதாடியவர் வில்லியம் ஃபேர்பெர்ன் என்னும் பொறியியலறிஞர். வெடிப்பு எப்படி நிகழ்கிறது? கொதிகலனுள் அழுத்தம் மிகுதி. ஆகவே நீர் 100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகியும் நீராகவே இருக்கும். துருவால் மெலிந்த தகடு பிளந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிறது. திறந்த வெளியில் அந்த ஆவி, நீராயிருந்தபோது அடைத்த இடத்தைப்போல் ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். இந்த வேகத்தின் முன் செங்கற்சுவர் எம்மாத்திரம்?

1854-இல் ஃபேர்பெர்னின் முயற்சியால் மாஞ்செஸ்டரில் கொதிகலன் வெடிப்புத் தடுப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆலை முதலாளிகள் தாமாகவே சந்தா செலுத்திச் சேர்ந்தனர். சங்கத்தின் ஆய்வாளர்கள் வந்து தகட்டின் துருவையும் பாதுகாப்பு வால்வையும் அழுத்தமானியையும் பார்த்து, கண்ட குறைகளை எழுதிக் கொடுத்தனர்.

இதனால் முதலாளிக்கு என்ன பயன்? ஆலை தப்பும், ஆட்கள் பிழைப்பார்கள். சட்டப் பயன் பின்னர் வந்தது. 1880-ஆம் ஆண்டு முதலாளிகள் பொறுப்புச் சட்டம், எந்திரக் குறையைக் கவனக்குறைவால் கண்டுபிடிக்காமலோ திருத்தாமலோ விட்டு அதனால் தொழிலாளி காயமுற்றால் முதலாளி ஈடு தரவேண்டும் என்றது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் கொதிகலன் வெடிப்புகளை அரசே விசாரிக்க வகை செய்தது. விசாரணைச் செலவையும் உரிமையாளர்மீது சுமத்தலாம்.

இங்கே 'கண்டுபிடித்தல்', 'திருத்துதல்' என்னும் இரு சொற்களைக் கவனியுங்கள். முறையாகச் சோதிக்கச் செய்த முதலாளி முதற்கடமையை நிறைவேற்றியவராகிறார். ஆனால் அறிக்கையை வாங்கி மேசைக்குள் பூட்டி வைத்தவரின் நிலை, சோதிக்காதவரின் நிலையினும் மோசம். 'எனக்குத் தெரியாது' என்று அவர் இனிச் சொல்ல முடியாதல்லவா?

தானாக முன்வரும் ஏற்பாட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. அக்கறையுள்ளவர் சேர்ந்தனர், அலட்சியமானவர் விலகியே நின்றனர். கடைசியில் 1901-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 14 மாதங்களுக்கு ஒரு முறையேனும் தக்கவரைக் கொண்டு கொதிகலனைச் சோதிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சங்கம் விருப்பத்தால் தொடங்கிய பழக்கம் அரை நூற்றாண்டில் சட்டமாயிற்று. ஆயினும் எழுதிய குறையைத் திருத்தினாலன்றி எந்தச் சோதனையும் உயிரைக் காக்காது; முதலாளியையும் காக்காது.