ரத்தம் ஓடும் சத்தம்

1845ம் வருடம் ஜூன் மாதம். நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகருக்குப் பக்கத்து ரயில் பாதையில் ஒரு வேடிக்கையான காட்சி. ஓடும் வண்டியில் உட்கார்ந்து சில கொம்பு வாத்தியக்காரர்கள் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டு போகிறார்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் சுருதி ஞானம் உள்ள வேறு சிலர் நின்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். வண்டி நெருங்கும்போது சுரம் சற்று ஏறியும், தாண்டிப் போனதும் இறங்கியும் கேட்டது. ஏற்பாடு செய்தவர் பாய்ஸ் பாலட் என்ற விஞ்ஞானி. மூன்று வருடம் முன்பு பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன ஒரு கருத்தைச் சந்தேகத்தோடு சோதிக்க வந்தவர், கடைசியில் அதை நிரூபித்துவிட்டுப் போனார்.

டாப்ளர் எழுதியது நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. நிற விஷயத்தில் அவர் போட்ட கணக்கு தப்பு. ஆனால் அடிப்படை விதி சரி. 1853ல் அவர் வெனிஸில் இறந்தார். அவர் பெயர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளில் ஏற இன்னும் நூறு வருடம் ஆக வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர் ஒரு ஜப்பானியர். ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிகேயோ சதோமுரா, 1950களின் நடுவில் மார்பின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, இதயச் சுவரும் வால்வுகளும் அசைவதை டாப்ளர் விதிப்படி பிடிக்க முயன்றார். 1957ல் இதை ஆங்கிலத்திலும் எழுதினார். பிறகு கனேகோ என்ற மருத்துவரோடு சேர்ந்து ரத்தக்குழாய்களின் மேல் கருவியை வைத்தபோது 'உஷ்.. உஷ்..' என்று ஒரு இரைச்சல் கேட்டது. ரத்தம் சுழித்து ஓடுவதால் வரும் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். உண்மையில் அது சிவப்பணுக்களின் மேல் பட்டுச் சிதறித் திரும்பிய ஒலி. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட இல்லாத அணுக்கள் அவை. இந்த விவரமெல்லாம் தெளிவாவதற்குள், 1960ல், இளம் வயதிலேயே சதோமுரா இறந்துவிட்டார்.

அதே சமயத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் டீன் ஃபிராங்க்ளின் குழு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. சிறிய படிகங்களை வளையம் போல் விலங்கின் ரத்தக்குழாயைச் சுற்றியே பொருத்தி, ஓட்டத்தின் வேகத்தை அளந்தார்கள். 1961ல் அந்த ஆய்வு வெளியானது. 1964ல் அதே குழு இன்னொரு படி மேலே போய், கட்டிப்போடாமல் தன்னிஷ்டப்படி திரியும் விலங்கின் உடம்பிலிருந்து ரத்த வேகத்தை ரேடியோ மூலம் வாங்கிக் காட்டியது. யாரும் கையில் எதையும் பிடிக்கவில்லை, விலங்கோடு வயரும் போகவில்லை.

அப்படியானால் 1964லேயே மனிதனுக்கும் கிடைத்திருக்க வேண்டுமே? இங்கேதான் சிக்கல். விலங்கைக் கத்தியால் திறந்து கருவியை உள்ளே வைக்கலாம். வெறும் பரிசோதனைக்காக ஒரு மனிதனைத் திறக்க முடியுமா? அதனால் மனிதனுக்கு வந்த கருவி பேனா மாதிரி ஒரு குச்சி. தோலில் ஜெல் தடவி, குச்சியைச் சாய்த்துப் பிடித்து, ஸ்பீக்கரில் சத்தம் கேட்டு, கையை அரை மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி கேட்க வேண்டும். அறுவை சிகிச்சையில் ஒட்டவைத்த குழாய்களைக் கண்காணிக்க 1988ல் உள்ளேயே வைக்கும் சிறு டாப்ளர் வந்தது. ஆனால் அது எப்படியும் திறந்தாக வேண்டிய நோயாளிகளுக்குத்தான்.

கையால் பிடிப்பதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கோணம் கெட்டுவிடும். ஒலிக்கற்றைக்கும் ரத்தக்குழாய்க்கும் இடையில் 60 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடும்போது உண்மையில் 65 டிகிரி இருந்தால், நொடிக்கு 100 செ.மீ. ஓடும் ரத்தம் 85 என்று காட்டும். கழுத்தில் அளக்கும்போது நோயாளி எச்சில் விழுங்கினாலே அந்த 5 டிகிரி மாறிவிடும்.

இந்தக் கையின் அருமையும் கஷ்டமும் சேர்ந்து தெரிந்த இடம் மூளை. மண்டை ஓடு அல்ட்ராசவுண்டை விழுங்கிவிடும் என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1982ல் ரூன் ஆஸ்லிட், காதுக்கு மேல் பொட்டுப் பகுதியில் எலும்பு மெலிந்த இடம் வழியே 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, மூளையின் நடுத் தமனியில் ரத்த வேகத்தை அளந்துவிட்டார். ஆரோக்கியமானவர்களிடம் சராசரி நொடிக்கு 62 செ.மீ. அந்த வேகத்துக்கு ஒலியில் வரும் மாற்றம் சுமார் 1600 ஹெர்ட்ஸ், அதாவது நம் காதுக்கே கேட்கும் அளவு. இயற்கையின் சலுகை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதன் பலனைக் குழந்தைகள் அடைந்தார்கள். சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் சோகை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வயதிலேயே பக்கவாதம் வருவதுண்டு. (தென்னிந்தியாவுக்கும் இது அந்நியமான நோய் இல்லை. 1952லேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் கண்டறியப்பட்டிருக்கிறது.) மூளைத் தமனியில் வேகம் 200 செ.மீ.யைத் தொட்டால் ஆபத்து என்று ராபர்ட் ஆடம்ஸ் குழு கண்டது. அப்படிப்பட்ட 130 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் தொடர்ந்து ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றாத பிரிவில் 11 பேருக்குப் பக்கவாதம், ஏற்றிய பிரிவில் ஒருவருக்கு மட்டும். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, 1998ல் முடிவை வெளியிட்டார்கள்.

அதன் பிறகு இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு வருடம் ஒருமுறை இந்தப் பரிசோதனை என்பது மருத்துவ விதியானது. ஆனால் பொட்டில் அந்தச் சின்ன ஜன்னலைத் தேடிப் பிடிக்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும். கருவியை ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளின் நேரத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகத் தேட வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஐ.சி.யூ.வில் கிடப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். காலையில் அளந்துவிட்டுப் போன பிறகு மதியம் குழாய் சுருங்கினால் யாருக்குத் தெரியும்? தலையில் மாட்டும் சட்டங்கள் வந்தன. கனமானவை, நோயாளி அசைந்தால் நழுவுபவை.

கையை விலக்க வேண்டுமானால் கருவியே தோலாக வேண்டும். இந்த யோசனையில் நெடுநாள் உழைத்தது சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷெங் சூவின் குழு. 2018ல் அவர்கள் காட்டிய பட்டை கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன், 60 சதவீதம் வரை இழுபடும். பீங்கான் போன்ற படிகத்தை இழுத்தால் உடைந்துவிடும். அதனால் அதைக் குட்டிக் குட்டித் துண்டுகளாக்கி, நடுவில் வளைந்து நெளியும் செம்புக் கம்பிகளால் இணைத்தார்கள். அந்தப் பட்டை அளந்தது ரத்தக்குழாய் விரிந்து சுருங்குவதைத்தான். 2021ல் வந்த அடுத்த பட்டையில் 12க்கு 12 என்று துண்டுகள். ஒவ்வொன்றையும் கொஞ்சம் முன்னே பின்னே ஒலிக்கவிட்டால் கற்றை தானாகச் சாயும். குச்சியைச் சாய்த்த மணிக்கட்டின் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. அதே வருடம் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகம், இரண்டு கற்றைகளை வெவ்வேறு கோணத்தில் அனுப்பிக் கோணத் தகராறையே கணக்கிலிருந்து நீக்கும் பட்டையைக் காட்டியது.

ஜெல் காய்ந்துவிடுவது இன்னொரு தலைவலி. 2022ல் எம்.ஐ.டி. குழு, ஈரம் போகாமல் மெல்லிய உறைக்குள் அடைத்த ஜெல்லால் 48 மணி நேரம் தோலில் ஒட்டியிருக்கும் ஸ்கேன் பட்டையைச் செய்தது. 2023ல் சான் டியாகோ குழு வயரே இல்லாத பட்டையைக் கட்டி, உடற்பயிற்சி செய்பவரிடமே அளந்தது.

கடைசியாக மூளை. 2024ல் அதே குழு பொட்டில் ஒட்டும் பட்டையை 36 பேரிடம் சோதித்தது. ஒரே கோட்டில் தேடாமல் மண்டைக்குள் முப்பரிமாணமாகப் படம் எடுத்து, பிறகு திரையில் வேண்டிய தமனியைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஜன்னலுக்குள் குறி பார்க்கக் கை தேவைப்படவில்லை. ஆனால் பட்டையிலிருந்து ஒரு வயர் பக்கத்து மேஜையில் இருந்த கணினிக்குப் போனது. அறுபது வருடம் முன்பு சியாட்டிலில் திரிந்த அந்த விலங்கோடு போகாத வயர்.