அல்கராஸ், கார்லோஸ் (பி. 2003)

ஸ்பெயின் நாட்டு டென்னிஸ் வீரர். முழுப் பெயர் கார்லோஸ் அல்கராஸ் கார்ஃபியா. 2003 மே 5 அன்று தென்கிழக்கு ஸ்பெயினில் உள்ள முர்சியா நகரின் புறநகரான எல் பால்மாரில் பிறந்தார். 2022இல் அமெரிக்க ஓபனை வென்று, தமது 19ஆம் வயதில் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். கணினி வழி ஆடவர் தரவரிசை 1973இல் தொடங்கியது. அதன் பிறகு பதின்ம வயதில் முதலிடம் பிடித்த ஆடவர் இவர் ஒருவரே. 2025 இறுதி வரை 6 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றுள்ளார்.

குடும்பமும் கிளப்பும்

முர்சியா, செகுரா ஆற்றுப் பாசனத்தில் எலுமிச்சையும் காய்கறியும் விளையும் வட்டாரம். டென்னிஸுக்குப் பேர் போன பகுதி அல்ல. ஸ்பெயினில் டென்னிஸ் என்றால் பார்சிலோனா, வலென்சியா, மயோர்க்கா தீவு என்றே சொல்வார்கள். எல் பால்மாரில் இருந்த ஒரு கிராமப்புறக் கிளப் முதலில் வேட்டைப் பிரியர்கள் கூடும் இடமாக இருந்தது. அங்கே டென்னிஸ் ஆடுகளங்கள் அமையக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் அல்கராஸின் தாத்தா. அவர் பெயரும் கார்லோஸ் அல்கராஸ்தான். தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் ஒரே பெயர் என்பதால் வீட்டில் பேரனைக் கார்லித்தோஸ் என்று அழைத்தனர். பிற்காலத்தில் அரங்கில் கூடும் ரசிகர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினர்.

அப்பா கார்லோஸ் அல்கராஸ் கோன்சாலெஸ் நாட்டளவில் நன்றாக ஆடியவர். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகத் திறமை இருந்தது, பணம் இல்லை. ஊர் ஊராகப் போட்டிக்குப் போய் வரும் செலவைத் தாங்க முடியாமல், அதே கிளப்பில் டென்னிஸ் பள்ளியை நடத்தும் வேலையில் அமர்ந்தார். நான்கு ஆண் பிள்ளைகளில் இரண்டாமவரான கார்லோஸ் 4 வயதில் மட்டையைப் பிடித்தார். ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பச் சொன்னால் பையன் அழுவான் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். டென்னிஸ் வீரர்களைப் பற்றி எழுதப்படும் எல்லா வரலாறுகளிலும் இப்படி ஒரு வரி வரும். ஆனால் அப்பாவுக்கு வேலையிடமாகவும் தாத்தாவுக்குச் சொந்த உழைப்பாகவும் இருந்த களத்தில் வளர்ந்த பிள்ளை விஷயத்தில் அதை நம்புவதில் தவறில்லை.

தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரம் மூன்று சொற்கள் கொண்டது: தலை, இதயம், துணிவு. ஸ்பானிய மொழியில் மூன்றுமே 'சி' எழுத்தில் தொடங்குபவை. மூன்றாவது சற்றுக் கொச்சையானது. நெருக்கடியான புள்ளிகளுக்கு முன் அல்கராஸ் இம்மூன்றையும் நினைத்துக்கொள்வதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மூன்று எழுத்துகளையும் கையில் பச்சை குத்தியும் இருக்கிறார்.

பணத் தடை பேரன் காலத்திலும் இருந்தது. பத்து வயதையொட்டி குரோஷியாவில் நடந்த சிறுவர் போட்டிக்கு அழைப்பு வந்தபோது பயணச் செலவுக்குக் குடும்பத்தால் வழி செய்ய முடியவில்லை. அக்கிளப்பின் உறுப்பினரும், புட்டிங், தயிர் வகைகள் தயாரிக்கும் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் தலைவருமான அல்ஃபோன்சோ லோபெஸ் ருவேடா அச்செலவை ஏற்றார். 2021 ஜூலையில் அல்கராஸ் தமது முதல் ஏடிபி (ஆடவர் தொழில்முறைச் சுற்று) பட்டத்தை வென்ற உமாக் நகரும் குரோஷியாவில்தான் உள்ளது. இறுதியாட்டத்தில் ரிஷார் கஸ்கேயை 6-2, 6-2 என வென்றார்.

களிமண் தரையும் டிராப் ஷாட்டும்

எல் பால்மார் கிளப்பின் ஆடுகளங்கள் செங்கல் பொடி தூவிய களிமண் தரைகள். இத்தரையில் பந்து வேகம் குறைந்து உயர எழும்பும். ஒரே அடியில் புள்ளி எடுப்பது கடினம். எதிராளி ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவிடுவார். எனவே ஸ்பானியப் பள்ளி பொறுமையையும் கால் வலிமையையும் முதலில் கற்றுக்கொடுக்கும். எல்லைக்கோட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நின்று, பந்துக்கு மேல்சுழற்சி கொடுத்து, எதிராளி தவறும் வரை திருப்பி அடித்துக்கொண்டே இருப்பது அதன் அடிப்படை.

அப்படிப் பின்னால் நிற்பவருக்கு எதிரான ஆயுதம் டிராப் ஷாட். அல்கராஸின் பெயரோடு அதிகம் ஒட்டியிருக்கும் அடி இதுவே. செய்முறை பார்க்க எளிது. அவர் முழு ஃபோர்ஹேண்டுக்குத் தயாராவதுபோல் தோளைத் திருப்பி மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோவார். வரப்போவது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் அடி என்று எண்ணி எதிராளி இரண்டடி பின்வாங்குவார். கடைசி நொடியில் அல்கராஸின் பிடி மாறும். மட்டை பந்தின் அடியில் வழுக்கும். பந்து வலையைத் தாண்டியதும் சோர்ந்து விழும். எதிராளி பாய்ந்து வந்து எடுத்தாலும், அவர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கி லாப் அடிக்க அல்கராஸ் ஏற்கெனவே முன்னால் வந்து நிற்பார். ஆக, இந்த டிராப் ஷாட்டுக்கு உயிர் கொடுப்பது அந்தப் பயங்கரமான ஃபோர்ஹேண்ட்தான். வன்மையாக அடிக்க முடியாதவரின் டிராப் ஷாட்டுக்கு யாரும் பின்வாங்க மாட்டார்கள்.

சிறுவயதிலேயே டிராப் ஷாட், லாப், வலையோர வாலி என எல்லாவற்றையும் அவர் ஆடிப் பார்த்தார் என்று எல் பால்மாரில் அவரைப் பயிற்றுவித்த கிக்கோ நவாரோ நினைவுகூர்ந்துள்ளார். அல்கராஸை உருவாக்கியவர் பிற்காலப் பயிற்சியாளர் ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோ என்று எழுதுவோர் உண்டு. ஃபெரேரோ செதுக்கினார், உடலை வலுவாக்கினார், போட்டி உலகை அறிமுகப்படுத்தினார். இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் ஆட்டத்தின் கற்பனை அப்பா நடத்திய டென்னிஸ் பள்ளியில் பிறந்தது.

ஊடகங்கள் விரும்பும் 'நடாலின் வாரிசு' என்ற பட்டமும் பொருந்தாது. இருவரும் ஸ்பானியர், இருவரும் களிமண்ணில் வளர்ந்தவர்கள், இருவரும் கடைசிப் பந்து வரை ஓடுபவர்கள். ஒற்றுமை அவ்வளவே. நடால் இடக்கையர், பின்னால் நின்று எதிராளியை அரைத்தவர். வலக்கையரான அல்கராஸ் முன்னேறி வந்து ஆடுபவர். புல் தரையிலும் கடினத் தரையிலும் அதே இலகுவோடு அசைபவர். அடிகளின் வகையை வைத்துப் பார்த்தால் ரோஜர் ஃபெடரருக்கே அருகில் நிற்கிறார்.

வியேனா ஆண்டுகள்

2018இல் அல்கராஸ் தொழில்முறை வீரரானார். அதே ஆண்டில் ஜூனியர் டேவிஸ் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தார். அலிகாந்தே மாகாணத்தின் வியேனாவில் உள்ள பயிற்சிக் கூடத்தில் ஃபெரேரோவிடம் சேர்ந்ததும் அப்போதுதான். 2003இல் பிரெஞ்ச் ஓபனை வென்று அவ்வாண்டிலேயே உலக முதல்நிலை வீரரானவர் ஃபெரேரோ. வீட்டிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த அந்த இடத்தில், வார நாள்களில் எளிய குடியிருப்பில் தங்கிப் பயின்றார். வந்தபோது பையன் ஸ்பாகெட்டி போல மெலிந்திருந்தான் என்று ஃபெரேரோ பின்னாளில் சொன்னார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தசைப் பயிற்சி அவர் உருவத்தையே மாற்றியது.

2019 ஏப்ரலில் அதே வியேனாவில் நடந்த சேலஞ்சர் (ஏடிபி சுற்றுக்கு அடுத்த கீழ்நிலை) போட்டியின் முதல் சுற்றில் 15 வயது அல்கராஸும் 17 வயது இத்தாலியரான ஜானிக் சின்னரும் மோதினர். அல்கராஸ் 6-2, 3-6, 6-3 என வென்றார். அடுத்த ஆறாண்டுகளில் கிராண்ட் ஸ்லாம் இறுதியாட்டங்களை ஆளப்போகும் போட்டி, விரல்விட்டு எண்ணும் பார்வையாளர் முன்னிலையில் இப்படித் தொடங்கியது.

2020 பிப்ரவரியில், 16 வயதில், ரியோ டி ஜெனிரோவில் முதல் ஏடிபி பிரதானச் சுற்று ஆட்டம். தரவரிசையில் 406ஆம் இடத்தில் இருந்தவர் அனுபவசாலியான ஆல்பெர்ட் ராமோஸ் வினோலாஸை மூன்று செட்களில் வீழ்த்தினார். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஆட்டம் முடிந்தபோது அதிகாலை மூன்றை நெருங்கியிருந்தது. அடுத்த மாதமே கொரோனாவால் உலக டென்னிஸ் நின்றுபோனது. மீண்டும் தொடங்கியபோது அவ்வாண்டிலேயே மூன்று சேலஞ்சர் பட்டங்களை வென்றார்.

2021 மே மாதம், தமது 18ஆம் பிறந்தநாளன்று, மாட்ரிட்டில் நடாலிடம் 6-1, 6-2 எனத் தோற்றார். ஓராண்டு கழித்து அதே மாட்ரிட்டில் அடுத்தடுத்த நாள்களில் நடாலையும் ஜோகோவிச்சையும் வென்று, இறுதியில் ஸ்வெரெவையும் தோற்கடித்தார். களிமண் போட்டி ஒன்றில் நடால், ஜோகோவிச் இருவரையும் சேர்த்து வீழ்த்தியவர் அதற்கு முன் யாரும் இல்லை.

கிராண்ட் ஸ்லாம் வெற்றிகள்

2022 அமெரிக்க ஓபனில் சிலிச், சின்னர், டியாஃபோ ஆகியோருடன் தொடர்ந்து மூன்று ஐந்து-செட் ஆட்டங்கள் ஆடினார். சின்னருடனான காலிறுதி 5 மணி 15 நிமிடம் நீடித்து அதிகாலை 2:50க்கு முடிந்தது. அதில் ஒரு மேட்ச் பாயிண்டையும் காப்பாற்றியிருந்தார். இறுதியில் கேஸ்பர் ரூடை 6-4, 2-6, 7-6, 6-3 என வென்றார். வென்றவருக்கு உலக முதலிடமும் சேர்ந்தே கிடைக்கும் என்ற நிலையில் நடந்த ஆட்டம் அது. மிக இளைய முதல்நிலை வீரர் என்ற லெய்டன் ஹியூவிட்டின் சாதனை அன்று உடைந்தது.

அடுத்த ஆண்டு பிரெஞ்ச் ஓபன் அரையிறுதியில், ஜோகோவிச்சுக்கு எதிராக மூன்றாவது செட்டின் தொடக்கத்திலேயே உடல் முழுதும் தசைப்பிடிப்பு கண்டு தோற்றார். மனப் பதற்றமே காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஐந்து வாரம் கழித்து விம்பிள்டன் இறுதியில் அதே ஜோகோவிச். முதல் செட் 1-6. மூன்றாவது செட்டின் ஐந்தாவது கேம் மட்டும் 26 நிமிடம் நீண்டது. ஐந்தாவது செட்டில் 5-4 என முன்னிலை பெற்று, பட்டத்துக்காக சர்வீஸ் செய்ய வந்த அல்கராஸ் முதல் புள்ளியிலேயே டிராப் ஷாட் ஆடித் தவறவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்த அடியை அன்றைக்கு மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். அவர் அடுத்த புள்ளியிலும் டிராப் ஷாட்டே ஆடினார். ஜோகோவிச் ஓடி வந்து எடுத்ததை லாப் செய்து புள்ளியைப் பெற்றார். 4 மணி 42 நிமிடத்தில் பட்டம் அவர் கைக்கு வந்தது. சென்டர் கோர்ட்டில் 2013க்குப் பின் ஜோகோவிச் கண்ட முதல் தோல்வி அது.

2024இல் பிரெஞ்ச் ஓபனையும் விம்பிள்டனையும் அடுத்தடுத்து வென்றார். பாரீஸ் ஒலிம்பிக்கில் ஜோகோவிச்சிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். இரட்டையரில் நடாலுடன் இணைந்து காலிறுதி வரை சென்றார். அமெரிக்க ஓபனில் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறினார். ஆட்டத்தின் நடுவே அவர் கவனம் சிதறுகிறது என்றும், போட்டிகளுக்கு இடையே இபிசா தீவுக்குப் போய்க் கொண்டாடுகிறார் என்றும் குறை காண்போர் பேசினர். தமக்கு உகந்த வழி இதுவே என்று 2025இல் வெளியான நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அத்தொடருக்குப் பின் வந்த கோப்பைகளே குறை சொன்னோருக்குப் போதுமான பதில்.

அவற்றுள் ஒன்று 2025 பிரெஞ்ச் ஓபன் இறுதியாட்டத்தில் கிடைத்தது. சின்னர் இரண்டு செட் முன்னிலை. நான்காவது செட்டில் 3-5, 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்கள். மூன்றையும் காப்பாற்றி, 4-6, 6-7, 6-4, 7-6, 7-6 என்று வென்றார். ஐந்தாவது செட் டைபிரேக் 10-2. 5 மணி 29 நிமிடம் நடந்த இவ்வாட்டமே பிரெஞ்ச் ஓபன் வரலாற்றின் மிக நீண்ட இறுதியாட்டம். விம்பிள்டன் இறுதியில் சின்னர் பழிதீர்த்துக்கொண்டார்; செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதியில் அல்கராஸ் அவரை நான்கு செட்களில் வென்று முதலிடத்தை மீட்டார்.

2025 இறுதியில்

71 வெற்றி, 9 தோல்வி, 8 பட்டங்களுடன் 2025ஐ உலக முதல்நிலை வீரராக முடித்தார். டிசம்பரில் ஃபெரேரோவுடனான ஏழாண்டு உறவு முறிந்தது; தொடரவே விரும்பியதாக ஃபெரேரோ எழுதினார். அவ்வாண்டின் முடிவில் அல்கராஸிடம் இல்லாத கிராண்ட் ஸ்லாம் ஆஸ்திரேலிய ஓபன் ஒன்றே.