நுங்கம்பாக்கத்தில் கிடைத்த ‘ஆசியா’

சிறுகோள் என்றாலே நாசா, விண்கலம்னுதான் நம்ம நினைப்பு போகும். இன்றைக்கு நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போவது சென்னை நுங்கம்பாக்கத்துக்கு. இப்போ வானிலை மையம் இருக்கே, அதே வளாகம். 1792-ல் இருந்து மதராஸ் வானாய்வகம் அங்கேதான் இயங்கியது. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழ்க் கல்வெட்டும் அதில் உண்டு.

1801 ஜனவரி 1 அன்று, இத்தாலியின் பலெர்மோவில் பியாட்சி ‘சீரீஸ்’ என்ற முதல் சிறுகோளைக் கண்டார். அடுத்த அறுபது ஆண்டுகளில் எண்ணிக்கை அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் எல்லாமே ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கண்டுபிடித்தவை.

1861-ல் நார்மன் பாக்சன் மதராஸ் வானாய்வகப் பொறுப்புக்கு வந்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் பயன்படும் கணக்கு முறையை 1856-லேயே சொன்னவர் இவர். வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைப் பிடித்துவிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர்.

எப்படிப் பிடித்தார்? போட்டோ எடுத்துப் பார்க்கும் வசதி அப்போ இந்த வேலைக்கு வரவில்லை. வானத்தின் ஒரு பகுதிக்கு நட்சத்திர வரைபடம் இருக்கும். டெலஸ்கோப்பில் தெரிவதை அதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடணும். வரைபடத்தில் இல்லாத புள்ளி தெரிந்தால், அது நகருதான்னு தொடர்ந்து கவனிக்கணும். நகர்ந்தால் சிறுகோளாக இருக்கலாம். பிறகு அதன் பாதையைக் கணக்கிடணும். அவ்வளவுதான், ஆனா அதுக்கு எவ்வளவு பொறுமை வேணும்னு யோசிச்சுப் பாருங்க!

சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா என்று மேலும் நான்கு இங்கிருந்தே கிடைத்தன. இதில் சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2005-ல் அறிவிக்கப்பட்டது. அப்படித் தெரியவந்த முதல் சிறுகோள் அதுதான்.

பட்டியலில் பாக்சன் பெயர் மட்டும் இருக்கும். ஆனால் அங்கே உழைத்தவர்களில் இரண்டு பேரையாவது நாம் தெரிந்துகொள்ளணும்னு நான் நினைக்கிறேன். ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டவர்.

இன்னொருவர் பாக்சனின் மகள் ஐசிஸ். சின்னப் பெண்ணாக மதராஸுக்கு வந்து, 1873-ல் உதவியாளராகச் சேர்ந்து, 25 ஆண்டுகள் இங்கேயே வேலை பார்த்தார். 1886-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினராக்க அப்பா அவர் பெயரை முன்மொழிந்தார். சங்கத்தின் சாசனத்தில் ‘அவன்’ என்று ஆண்பாலில் மட்டும் எழுதியிருக்கு, அதனால் பெண்ணைச் சேர்க்க முடியாது என்று சட்ட ஆலோசனை வந்தது. ஒரு சொல்! அதற்காக 34 ஆண்டுகள் காத்திருந்து, 1920-ல்தான் உறுப்பினரானார்.

பாக்சன் 1891-ல் சென்னையிலேயே இறந்தார். 1885-ல் வேரா கிடைத்த பிறகு, நூறு ஆண்டுக்கு மேல் இங்கே பெரிய இடைவெளி. 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் காவலூரில் ராஜமோகன் அடுத்ததைக் கண்டுபிடித்தார். அதன் எண் 4130. பெயர் ராமானுஜன். காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன் வேரை அந்த நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில்தான் காட்டுகிறது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனா, தூண் இருக்கும் திசையில ஒரு நிமிஷம் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.