சேக்கிழார் கண்ட வீரம்

காப்பியத் தலைவன் யாவன்? தனக்கு ஒப்பாரில்லாதவனே அப்பெயர்க்கு உரியன் என்பது அணிநூலார் துணிபு. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்கே பரணி உரியது எனப் பாட்டியல் நூலாரும் வகுத்தனர். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் பரணியாகப் பாடியது அம்மரபு பற்றியே.

அம்மன்னனின் பேரன் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150). சேக்கிழார் போற்றும் அநபாயன் இவனே என்பது அறிஞர் பலர் கொள்கை. அவனுக்கு அமைச்சராய் இருந்த சேக்கிழார், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து திருத்தொண்டர் புராணத்தை இயற்றினார் என்பர். சுந்தரரைத் தலைவராகக் கொண்ட அந்நூலில், மன்னரோடு தில்லைக் குயவனாரும், காஞ்சி வண்ணாரும், நாகைப் பரதவரும் ஒருநிரையில் நிற்கின்றனர். அரசியலும் படையும் அறிந்த அமைச்சர் இவர்களை ஏன் பாடினார்? வீரத்தை அளக்க அவர் கொண்ட கோல் வேறு.

எயினனூர் ஏனாதிநாதரைக் காண்போம். அவர் அரசர்க்கு வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியர். படையோடு வந்து தோற்ற அதிசூரன், பின்னர் அவரைத் தனிப்போருக்கு அழைத்தான்; வெண்ணீறு பூசிய நெற்றியைக் கேடகத்தால் மறைத்து நின்றான். அவர் வெட்ட நெருங்கியபோது கேடகத்தை விலக்கினான். நீற்றைக் கண்ட நாயனாரின் கை தாழ்ந்தது. ஆயினும், வாளைக் கீழே எறிய அவர் மனம் இசையவில்லை. படைக்கலம் இல்லாதவரைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சாருமே என்று எண்ணி, வாளும் பலகையும் ஏந்தியபடியே நின்றார். தம்மைக் கொல்பவனின் புகழையும் காத்த இந்நிலையை எந்தப் பரணியில் காண்போம்?

படைக்கலமே ஏந்தாத வீரரும் உளர். திருநாவுக்கரசரைப் பல்லவன் நீற்றறையில் இடுவித்தான், நஞ்சு ஊட்டுவித்தான், யானையை ஏவினான், இறுதியில் கல்லொடு பிணித்துக் கடலில் தள்ளுவித்தான். அக்கல்லே தெப்பமாக அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது புராணம். கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பம் அந்நிகழ்ச்சியைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. அஞ்சாமையும் பகையின்மையும் ஒருவரிடத்தே பொருந்தியதை இங்கே காண்கிறோம். பின்னாளில் அப்பல்லவனே அவர் நெறியை நாடி வந்தான்.

நூல் நிறைவெய்தியதும் அநபாயன் சேக்கிழாரை யானைமீது ஏற்றித் தானும் உடன் ஏறிக் கவரி வீசினான் என்பது உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறும் செய்தி. யானைகளை வீழ்த்தியவனைப் பாடிய அவையில், தொண்டரைப் பாடிய நூல் யானைமேல் உலா வந்தது. வெல்லும் ஆற்றல் இருந்தும் வாளைத் தாழ்த்தும் உள்ளமும், துன்புறுத்துவோனையும் பகையாத உள்ளமுமே வீரத்தின் முடிநிலை. தில்லையில் வணங்கி மீளும் நாம் அவ்வுள்ளத்தையே வேண்டிப் பெறுவோமாக.